'வித்' என்ற ஆங்கிலச் சொல்: பொருளும் பிறப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பாரிமுனையில் கப்பல் சரக்கு ஆபீஸ்களில் வேலை பார்ப்பவர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், நர்சிங் படிக்கும் பெண்கள், காசிமேட்டுப் பிள்ளைகள் எனப் பலரும் வருகிறார்கள். பெரிய பெரிய வார்த்தைகளை எல்லாம் சமாளித்துவிடுவார்கள். 'வித்' வந்தால் தடுமாறுவார்கள். அகராதியில் அதற்கு இருபது பொருள் போட்டிருக்கும். அதை மனப்பாடம் செய்து பயனில்லை. அந்தச் சொல் எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

'வித்' என்றால் 'உடன்' தானே? இதில் கேட்க என்ன இருக்கிறது?

பாதி சரி. "ஐ வென்ட் வித் மை மதர்" என்றால் அம்மாவோடு போனேன். ஆனால் "கட் இட் வித் எ நைஃப்" என்றால் கத்தியோடு வெட்டு இல்லை, கத்தியால் வெட்டு. "த கேர்ள் வித் த ப்ளூ பேக்" என்றால் நீலப் பை வைத்திருக்கும் பெண். "ஹி ஷுக் வித் ஆங்கர்" என்றால் கோபத்தில் நடுங்கினான். "ஆங்க்ரி வித் மீ" என்றால் என்மேல் கோபம். ஓடு, ஆல், வைத்திருக்கும், இல், மேல் என்று நாம் ஐந்து விதமாகச் சொல்வதை ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. 'வித் என்றால் உடன்' என்று ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்கிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

"ஐ ஃபாட் வித் ஹிம்" என்றால் அவனை எதிர்த்துச் சண்டை போட்டேனா, அவன் பக்கம் நின்று போட்டேனா?

பாக்ஸிங் பழகும் பையன் ஒருவன் கேட்டது இது. வட சென்னையில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

இரண்டுமே ஆகலாம். ரிங்கில் இருப்பது இரண்டு பேர் என்பதால் அங்கே சந்தேகமே இல்லை, எதிர்த்துத்தான். போரைப் பற்றிப் பேசும்போது சிக்கல் வரும். இரண்டாம் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் "ஃபாட் வித் த பிரிட்டிஷ்" என்று எழுதினால், வரலாறு தெரிந்தவருக்கு 'பிரிட்டிஷார் பக்கம் நின்று' என்று புரியும். தெரியாதவருக்குப் புரியாது. அதனால் தெளிவு வேண்டிய இடத்தில் எதிர்த்து என்றால் 'அகெய்ன்ஸ்ட்', சேர்ந்து என்றால் 'அலாங்சைட்' என்று எழுதிவிடுங்கள்.

இதைக் கேட்டதும் ஆங்கிலம் குழப்பமான மொழி என்று தோன்றும். நாமும் அப்படியேதான் பேசுகிறோம். "நேத்து அவன் கூட சண்டை" என்று சொன்னால் கேட்கிறவர் யாரும் 'அவன் கூடச் சேர்ந்து யாரை அடித்தாய்' என்று கேட்பதில்லை. 'கூட' என்பது கூடு, அதாவது சேர், என்ற வினையிலிருந்து வந்தது. கூட்டாளி, கூட்டம் எல்லாம் அந்தக் குடும்பம். சேர்வதற்கான சொல்லையே சண்டைக்கும் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் கதை தலைகீழ். அவர்கள் சண்டைக்கான சொல்லை எடுத்துச் சேர்வதற்கு வைத்தார்கள்.

சண்டைக்கான சொல்லா? 'வித்' முதலில் என்ன பொருளில் இருந்தது?

'எதிராக' என்பதே அதன் மூத்த பொருள்.

சுமார் 1100ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் புழங்கிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்பார்கள். அதிலும் இந்தச் சொல் ஏறக்குறைய இதே ஒலியோடு இருந்தது. அங்கே அதன் முதன்மைப் பொருள் எதிர்த்து, எதிரே, நோக்கி. பக்கத்தில் என்ற பொருளும் கொஞ்சம் உண்டு. பியோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் நாயகன், கிரெண்டல் என்ற அரக்கனைத் தனியாளாகச் சந்தித்துத் தீர்த்துவிடுகிறேன் என்று சூளுரைப்பான். அந்த இரண்டு மூன்று அடிகளுக்குள் இந்தச் சொல் மூன்று முறை வரும். அரக்கனுக்கு 'எதிரே' என்பதுதான் அங்கே பொருள்.

ஆங்கிலத்தின் சகோதர மொழியான ஜெர்மனில் இதன் உறவுச் சொல் 'வீடர்'. இன்றைக்கும் அதற்கு 'எதிராக' என்றுதான் பொருள். அதே ஒலியில், எழுத்து மட்டும் மாறிய இன்னொரு 'வீடர்' உண்டு. அதற்கு 'மறுபடி' என்று பொருள். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை.

இன்னும் பின்னால் போனால் 'பிரிந்து, விலகி' என்ற பொருளுள்ள 'வி' என்ற தொன்மையான வேர் வருகிறது. வடமொழியில் இருக்கும் 'வி' என்ற முன்னொட்டும் இதே வேர். யோகம் என்றால் சேர்க்கை, வியோகம் என்றால் பிரிவு. அந்த 'வி' நமக்குப் பழக்கமானதுதான். இன்று 'சேர்ந்து' என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல், வியோகத்தின் வேரிலிருந்து முளைத்தது.

'எதிர்' எப்படி 'உடன்' ஆனது? நம்பவே முடியவில்லையே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'எதிர்' என்ற சொல்லிலிருந்து எதிரி வருகிறான். அதே சொல்லிலிருந்து எதிர்வீடும் வருகிறது. பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் எதிர்வீட்டுக்காரர் என்றால் யார்? இரண்டு கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவர். தண்ணீர் லாரி வந்தால் முதலில் குரல் கொடுப்பவர். ஊருக்குப் போகும்போது சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறோமோ அவர். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை 'எதிர்கொண்டு' அழைக்கிறோம். அங்கேயும் அதே எதிர்தான். பகை துளியும் இல்லை. ஒருவருக்கு எதிரே நிற்க வேண்டுமானால் அவருக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும், முகம் பார்த்தாக வேண்டும். எதிர்ப்புக்குள்ளேயே நெருக்கம் ஒளிந்திருக்கிறது.

ஆங்கிலத்திலும் இதுதான் நடந்தது. ஒருவனை எதிர்த்து மோதுவது, ஒருவனுக்கு எதிரே உட்கார்ந்து பேரம் பேசுவது, ஒருவனுக்கு முகம் கொடுத்துப் பேசுவது என இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல் புழங்கியது. இவற்றில் பேரமும் பேச்சும் இரண்டு பேர் சேர்ந்து செய்கிற காரியம். 'எதிரே இருப்பவர்' மெல்ல மெல்லக் 'கூட இருப்பவர்' ஆகிவிட்டார்.

வெளியிலிருந்தும் இரண்டு தள்ளல்கள் வந்தன. ஒன்று, 9ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் ஸ்காண்டிநேவியர்கள் வந்து குடியேறினார்கள். அவர்கள் பேசிய நார்ஸ் மொழியில் இதன் உறவுச் சொல் 'எதிராக', 'பக்கத்தில்', 'உடன்' என எல்லாப் பொருளிலும் ஏற்கெனவே புழங்கியது. இரண்டு கூட்டமும் அடுத்தடுத்து வாழ்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில் சொற்களும் கலந்தன. இரண்டாவது லத்தீன். அதில் 'உடன்' என்பதற்கான சொல் 'கும்'. ஒருவனோடு சண்டையிடுவதையும் அந்தக் 'கும்' போட்டே சொன்னார்கள். லத்தீன் படித்தவர்கள் ஆங்கிலம் எழுதும்போது அந்தப் பழக்கமும் கொஞ்சம் உதவியிருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

ஒரே நாளில் நடந்த மாற்றம் இல்லை. 1100 முதல் 1500 வரையான இடைக்கால ஆங்கிலத்தில் படிப்படியாக நடந்தது.

அதற்கு முன்பு 'உடன்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொன்னார்கள்?

'மிட்' என்றார்கள். ஜெர்மனில் இன்றும் 'மிட்', டச்சில் 'மெட்', ஸ்வீடிஷில் 'மெட்'. மற்ற சகோதரிகள் எல்லோரும் பழைய சொல்லை வைத்துக்கொண்டார்கள், ஆங்கிலம் மட்டும் அதைக் கைவிட்டுவிட்டது.

முழுசாகவும் போய்விடவில்லை. ஒரே ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது: 'மிட்வைஃப்'. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிப் பக்கம் போய் வருகிற நர்சிங் பிள்ளைகளிடம் இந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். 'வைஃப்' என்றால் அந்தக் காலத்தில் மனைவி மட்டும் அல்ல, பெண் என்றே பொருள். 'மிட்' என்றால் உடன். பிள்ளை பெறுகிறவளுக்கு உடனிருக்கும் பெண், அவ்வளவுதான். பெற்றெடுக்கும் நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவள். நாம் மருத்துவச்சி என்று அவள் கைவைத்தியத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம். அவர்கள் அவள் உடனிருப்பதைப் பார்த்து வைத்தார்கள். 'மிட்நைட்' என்பதில் வரும் 'மிட்' வேறு. அது 'நடு'. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

'வித்' என்பதன் பழைய பொருள் இன்றைக்கு எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் நீங்கள் தினமும் பார்க்கும் இடங்களில்.

வங்கியில் பணம் எடுக்க நிரப்புகிற சலானில் 'வித்ட்ராயல்' என்று இருக்கும். 'ட்ரா' என்றால் இழு. 'வித்' இங்கே 'பின்னுக்கு, விலக்கி'. போட்ட பணத்தைத் திரும்ப இழுத்துக்கொள்வது. இங்கே 'உடன்' என்று பொருள் வைத்துப் பாருங்கள், ஒன்றும் ஓடாது.

'வித்ஸ்டாண்ட்' என்றால் எதிர்த்து நிற்பது, தாக்குப்பிடிப்பது. எண்ணூர்க் கடற்கரையில் கொட்டி வைத்த பாறாங்கற்கள் அலையை 'வித்ஸ்டாண்ட்' செய்கின்றன. இது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல்.

'வித்ஹோல்ட்' என்றால் கொடுக்காமல் பிடித்து வைப்பது. பல்கலைக்கழகத் தேர்வு முடிவில் 'வித்ஹெல்ட்' என்று பார்த்துவிட்டுத் தேர்ச்சி பெறவில்லை என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தோல்வி என்று பொருள் இல்லை. முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கட்டணப் பாக்கி, ஆவணக் குறை, விசாரணை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். உடனே கல்லூரி ஆபீஸில் போய்க் கேளுங்கள்.

ஹைகோர்ட் வேலையில் இருப்பவர்களுக்கு 'நாட்வித்ஸ்டாண்டிங்' பழக்கம். சட்டப் பிரிவுகள் பல இப்படித்தான் தொடங்கும். "இந்தச் சட்டத்தில் வேறு என்ன சொல்லியிருந்தாலும்" என்பது கருத்து. சொல்லைப் பிரித்தால்: நாட், அதாவது இல்லாமல், வித், அதாவது எதிரே, ஸ்டாண்டிங், அதாவது நின்று. வேறு எந்த விதியும் இந்தப் பிரிவை எதிர்த்து நிற்காது. 'நான் அப்ஸ்டான்டே' என்ற லத்தீன் தொடரை அப்படியே ஆங்கிலமாக்கியது இது. வக்கீல்கள் இன்றும் இந்த வகைப் பிரிவை அந்த லத்தீன் பெயரிலேயே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

'வித்' என்றால் உடன், 'அவுட்' என்றால் வெளியே. 'வித்அவுட்' எப்படி 'இல்லாமல்' ஆனது?

'வித்அவுட்' முதலில் 'வெளிப்புறத்தில்' என்றே இருந்தது. அதன் ஜோடி 'வித்இன்', உட்புறத்தில். ஜோடியில் 'வித்இன்' மட்டும் இடப்பொருளை விடாமல் வைத்திருக்கிறது. ஒன்றுக்கு வெளியே நிற்பவரிடம் அந்த ஒன்று இல்லை. அப்படி 'வெளியே' என்பது 'இல்லாமல்' என்று நகர்ந்தது.

லண்டன் நகரத்தில் ஃபாரிங்டன் வித்இன், ஃபாரிங்டன் வித்அவுட் என்று இரண்டு வார்டுகள் இன்றும் உண்டு. 'ஃபாரிங்டன் இல்லாமல்' என்று மொழிபெயர்த்தால் அபத்தம். பழைய கோட்டைச் சுவருக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

நமக்கும் ஒரு சுவர் இருந்தது. இன்று ஜார்ஜ் டவுன் என்று சொல்லும் பழைய கறுப்பர் நகரத்தைச் சுற்றி 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி மதில் கட்டியது. அதற்காக மக்களிடம் வரி வாங்கப் போட்ட திட்டத்தால்தான் வால்டாக்ஸ் ரோட்டுக்கு அந்தப் பெயர். மதிலின் மிச்சத்தை மாடிப் பூங்காவில் பார்க்கலாம். லண்டன் கணக்கில் சொன்னால் மண்ணடி 'வித்இன்', வண்ணாரப்பேட்டை 'வித்அவுட்'. இதைச் சொன்ன பிறகு என் வகுப்பில் யாரும் இந்தச் சொல்லை மறந்ததில்லை.

எங்கே 'வித்', எங்கே 'பை'? இரண்டுமே 'ஆல்' தானே?

அதிகமாகத் தப்பு வருவது இங்கேதான். காரணமும் நியாயமானது. காசிமேட்டில் மீன் வாங்கினால் பக்கத்திலேயே ஒரு அக்கா வெட்டித் தருவார். "மீன் அக்காவால் வெட்டப்பட்டது", "மீன் கத்தியால் வெட்டப்பட்டது." இரண்டிலும் ஆல். ஆங்கிலத்தில் வெட்டியவருக்கு 'பை', வெட்டிய கருவிக்கு 'வித்'. "த ஃபிஷ் வாஸ் கட் பை மை சிஸ்டர் வித் எ நைஃப்." கையில் பிடித்துப் பயன்படுத்துகிற பொருள் என்றால் 'வித்'. தானாகச் செயல்படுகிற ஆள், புயல், நெருப்பு என்றால் 'பை'. பஸ், ரயில், தபால் இவற்றுக்கு "பை பஸ்", "பை ட்ரெயின்", "பை போஸ்ட்". அங்கே முன்னால் 'எ', 'த' எதுவும் வராது.

நம் இலக்கணத்திலும் இந்தக் கணக்கு பழசு. தொல்காப்பியர் மூன்றாம் வேற்றுமைக்கு வைத்த பெயர் 'ஒடு'. செய்பவர், கருவி இரண்டையும் அதற்குள்ளேயே அடக்கினார். "ஊசியொடு குயின்ற தூசு" என்பது உரையில் வரும் எடுத்துக்காட்டு. ஊசியால் தைத்த துணி என்பதை 'ஊசியொடு' என்றிருக்கிறார்கள், அச்சாக 'வித் எ நீடில்' மாதிரியே. பிறகு வந்த நன்னூல் ஆல், ஆன், ஒடு, ஓடு என உருபுகளைக் கொடுத்து, கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பொருள்களையும் பிரித்துச் சொன்னது. காலப்போக்கில் நாம் கருவியை 'ஆல்' பக்கம் தள்ளிவிட்டோம், துணையை 'ஓடு' பக்கம் வைத்துக்கொண்டோம். ஆங்கிலம் இரண்டையும் 'வித்' என்ற ஒரே வீட்டில் வைத்திருக்கிறது. 'ஒடு' என்ற பழைய உருபை நினைவில் வைத்தால் 'வித் எ நைஃப்' அந்நியமாகத் தெரியாது.

"மேரீட் வித்" சரியா?

தப்பு. "மேரீட் டு". 'அவளோடு கல்யாணம்' என்று நாம் நினைப்பதால் வருவது. இதே போல "ஹி இஸ் வித் ஃபீவர்" வேண்டாம், "ஹி ஹாஸ் ஃபீவர்" போதும். "கோப் அப் வித்" என்பதில் அந்த 'அப்' தேவையில்லை. 'டிஸ்கஸ்' பின்னால் விஷயத்தைச் சொல்லும்போது 'அபௌட்' வேண்டாம், ஆளைச் சொல்லும்போது மட்டும் 'வித்': "ஐ டிஸ்கஸ்ட் த பில் வித் த மேனேஜர்." "அக்ரீ வித்" ஆளோடு, கருத்தோடு, "அக்ரீ டு" ஒரு யோசனைக்கு, நிபந்தனைக்கு.

ஆபீஸ் கடிதங்களில் 'ஹியர்வித்', 'ஃபோர்த்வித்' எழுதலாமா?

'ஹியர்வித்' என்றால் இத்துடன். 'ஃபோர்த்வித்' என்றால் உடனடியாக. தமிழிலும் 'உடன்' என்பது 'சேர்ந்து' என்றும் 'உடனே' என்றும் போவதைக் கவனியுங்கள். அரசுக் கடிதத்தில், வக்கீல் நோட்டீஸில் இவை இருக்கட்டும். சரக்கு ஆபீஸ் மெயிலில் "ஐ ஹாவ் அட்டாச்ட் த இன்வாய்ஸ்" என்று நேரே எழுதுங்கள். படிக்கிறவருக்கும் சுலபம்.

இந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது?

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதல் ஒலி நம் 'வ' இல்லை. நம் 'வ'வுக்கு மேல் பல் கீழ் உதட்டைத் தொடும். இதற்குப் பல் படக் கூடாது. விசில் அடிக்கப் போவது போல உதட்டைக் குவித்து விடுங்கள். கடைசி ஒலிக்கு நாக்கு நுனி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே லேசாக எட்டிப் பார்க்க வேண்டும், காற்று நிற்காமல் போக வேண்டும். 'த்' என்று அடைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் பெரும்பாலும் அதைத் தொண்டை அதிரச் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவில் பலரும் அதிராமல் வெறும் காற்றாகச் சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொண்டாலும் சரிதான். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகவும் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் விரலுக்கே தெரியும்.